விஎஃப்ஓவுக்கு என்கோடரும் டிஸ்ப்ளேயும் வாங்கும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கி மார்கழி வரை, ஏறத்தாழ எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் 4,090 ரூபாயையும் ஒரு குமிழுக்கும் ஒரு சிறிய திரைக்குமாகச் செலவிட்டேன். இன்று என் ரேடியோவின் முகப்பில் இருக்கும் அந்த இரண்டு பொருள்களின் விலை 450 ரூபாய். மீதிப் பணம் போனதைவிட, ஒவ்வொரு முறையும் தவறு என்னுடையதா பொருளுடையதா என்று தெரியாமல் இரவு பதினொரு மணிக்குச் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனநிலைதான் எனக்கு அதிகம் வலித்தது. அருகில் கேட்க ஆள் இல்லாமல் இதே வேலையைத் தொடங்கும் ஒருவருக்கு உதவும் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என்னிடம் நானே கட்டிய ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காளர்கள் உரிமம் பெற்று ஒருவரோடொருவர் பேசும் வானொலி, ஒன்று இருக்கிறது; 40 மீட்டர் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) இயங்குவது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிட்எக்ஸ் வடிவமைப்பைப் பின்பற்றி, 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர் வைத்து, நம் நாட்டில் ஹாம்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ள 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குமாறு அமைத்தது. அதன் விஎஃப்ஓ, அதாவது எந்த அலைவரிசையைக் கேட்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் அலையியற்றி, சுருளும் பழைய கேங் கண்டென்சரும் கொண்டது. அறையின் வெப்பம் ஏறினால் அலைவரிசை நகரும். மின்விசிறிக் காற்று பட்டாலும் நகரும். பேசத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் எதிரில் இருப்பவரின் குரல் வாத்தின் குரல் போல மாறிவிடும். அதற்குப் பதிலாக அலைவரிசைகளை உருவாக்கும் எஸ்ஐ5351 சிப்பையும், அதை நிரல் மூலம் இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ நானோவையும் வைத்து, 2.8 முதல் 3.0 மெகாஹெர்ட்ஸ் வரை (10-இலிருந்து 7.2, 7.0 ஆகியவற்றைக் கழித்தால் வருவது) தரும் டிஜிட்டல் விஎஃப்ஓ ஒன்றைச் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். சிப்பையும் நானோவையும் பற்றி ஒரு வாரம் படித்தேன். குமிழையும் திரையையும் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அவை கடையில் பார்த்து வாங்கிக்கொள்ளும் உதிரிகள் என்றே நினைத்திருந்தேன்.

தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி சென்னையின் மின்னணு உதிரிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், ஒரு கடையில் ஈசி11 வகை ரோட்டரி என்கோடர் (திருப்பினால் மின்துடிப்புகள் தரும் குமிழ்) நான்கும், 0.96 அங்குல ஓஎல்இடி திரை ஒன்றும் வாங்கினேன். என்கோடருக்கு ஒரு சுற்றில் எத்தனை துடிப்பு என்று கேட்டபோது, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார், இருபது ஸ்டெப்" என்றார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று இரவே முதல் இழப்பு நேர்ந்தது. நான் பார்த்து வைத்திருந்த வரைபடத்தில் ஓஎல்இடியின் நான்கு கால்கள் ஜிஎன்டி (தரை), விசிசி (மின்சாரம்), எஸ்சிஎல், எஸ்டிஏ (தகவல் கம்பிகள்) என்ற வரிசையில் இருந்தன. என் கையில் இருந்த பலகையில் முதல் இரண்டும் இடம் மாறி, விசிசி, ஜிஎன்டி என்று இருந்தன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே பொருள்தான்; அளவு, நிறம், துளைகள் எல்லாம் ஒன்றே. மின்சாரம் கொடுத்தவுடன் திரையின் பின்புறம் விரல் வைக்க முடியாத சூடு. 230 ரூபாய் இரண்டு விநாடியில் போனது. இந்தத் திரைகளைப் பல உற்பத்தியாளர்கள் தத்தம் விருப்பப்படி செய்கிறார்கள் என்பதால், எந்த வரைபடத்தையும் நம்பாமல் உங்கள் கையில் உள்ள பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே கம்பியைச் செருகுங்கள். இரண்டாவது முறை வாங்கும்போதும் படியுங்கள், ஏனெனில் அதே கடையின் அடுத்த சரக்கில் வரிசை மாறியிருக்கலாம்.

அடுத்த வாரம் இன்னொரு திரை வாங்கி, என்கோடரை நானோவுடன் இணைத்தேன். குமிழை ஒரு கிளிக் திருப்பினால் எண் மாறவில்லை. இரண்டாவது கிளிக்கில்தான் மாறியது. நிரலில் பிழை என்று எண்ணி மூன்று இரவுகள் அதைத் திருத்தினேன். பிறகு என்கோடர் பழுது என்று எண்ணி மற்ற மூன்றையும் மாற்றிப் பார்த்தேன். எல்லாம் அப்படியே நடந்துகொண்டன. உண்மையில் நிரலும் பழுதில்லை, என்கோடரும் பழுதில்லை. ஈசி11 என்ற ஒரே பெயரில் பல வகைகள் விற்கப்படுகின்றன. சிலவற்றில் ஒரு சுற்றுக்கு 20 கிளிக், 20 முழுத் துடிப்பு. சிலவற்றில் 30 கிளிக், ஆனால் 15 முழுத் துடிப்புதான். இன்னும் சிலவற்றில் கிளிக்கே இல்லை. எனக்குக் கிடைத்தது 30-க்கு 15 வகை, நான் பயன்படுத்திய நிரலோ ஒரு முழுத் துடிப்பு முடிந்தால்தான் ஒரு படி என்று கணக்கிடுவது. ஆகவே இரண்டு கிளிக்குக்கு ஒரு படி. நிரலில் அரைத் துடிப்பையும் கணக்கில் கொள்ளும்படி ஒரு வரியை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். அது தெரியாமல் கேஒய்-040 என்ற பெயரில் வரும் பலகையில் பொருத்திய என்கோடர்கள் இரண்டை 160 ரூபாய்க்கு வாங்கினேன்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். என்கோடரின் ஒரு பக்கத்தில் மூன்று கால்கள் இருக்கும். நடுவில் இருப்பது பொதுவான கால், இரு பக்கமும் இருப்பவை ஏ, பி. இன்னொரு பக்கத்தில் உள்ள இரண்டு கால்கள் குமிழை அழுத்தும்போது இயங்கும் சுவிட்சுக்கானவை. மீட்டரைப் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து, நடுக் காலிலும் ஏ காலிலும் முனைகளைத் தொட்டுக்கொண்டு, தண்டை மிக மெதுவாக ஒரு கிளிக் திருப்புங்கள். ஒவ்வொரு கிளிக்கிலும் ஓய்வு நிலையில் ஒலி இல்லாமல், இடையில் மட்டும் ஒருமுறை ஒலித்து நின்றால் அது கிளிக்குக்கு ஒரு முழுத் துடிப்பு தரும் வகை. ஒரு கிளிக்கில் ஒலித்துக்கொண்டே நின்று, அடுத்த கிளிக்கில் ஒலி நின்றுபோனால் அது அரைத் துடிப்பு வகை. தண்டை ஒரு முழுச் சுற்று திருப்பிக் கிளிக்குகளை எண்ணிக்கொண்டால் மொத்தக் கணக்கும் கையில் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இன்று நான் மீட்டர் இல்லாமல் என்கோடர் வாங்கப் போவதில்லை.

கேஒய்-040 பலகையில் வேறு இரண்டு சிக்கல்கள் இருந்தன. நான் வாங்கிய இரண்டிலும் தண்டைச் சுற்றி மரை இல்லை, அதனால் நட்டுப் போட்டு முகப்புத் தகட்டில் இறுக்க வழியே இல்லை. பிரெட்போர்டில் கற்றுக்கொள்ள அது பரவாயில்லை. தினமும் கைபடும் ரேடியோவுக்கு அது ஆகாது. மேலும் ஏ, பி கால்களுக்கு 10 கே ரெசிஸ்டர் இருந்தபோதிலும், சுவிட்சுக்கான ரெசிஸ்டரின் இடம் காலியாக இருந்தது. அதனால் குமிழை அழுத்தாமலேயே அழுத்தியதாக நானோ எடுத்துக்கொண்டது. நானோவுக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை (காலை உயர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டரை) நிரலில் இயக்கினால் அது சரியாகிவிடும். வேகமாக வலப்பக்கம் திருப்பும்போது எண் இடையிடையே பின்னால் குதித்ததற்குக் காரணம் வேறு: உள்ளே உள்ள தகட்டுத் தொடர்புகள் மூடும்போதும் திறக்கும்போதும் நுண்ணிய அளவில் துள்ளுகின்றன. போர்ன்ஸ் நிறுவனத்தின் என்கோடர் விவரத் தாளில் இதற்கான சுற்று எளிமையாகத் தரப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் 10 கே புல்-அப், தொடராக இன்னொரு 10 கே, அதன் முடிவில் தரைக்கு 0.01 மைக்ரோஃபாரட், அதாவது 103 என்று அச்சிட்ட சிறிய கெப்பாசிட்டர். சில ரூபாய்ப் பொருள்களை வைத்தவுடன் நூற்றுக்குத் தொண்ணூறு குதிப்புகள் நின்றன. மீதியை, ஏ, பி கால்களின் நிலைகள் மாறும் 00, 01, 11, 10 என்ற வரிசைக்கு ஒவ்வாத மாற்றங்களைப் புறக்கணிக்கும்படி நிரலில் ஒரு அட்டவணை வைத்து நிறுத்தினேன். டிலே (சிறு காத்திருப்பு) போட்டுக் குதிப்பைச் சமாளிக்கும் முறையைப் பலர் கற்றுத் தருகிறார்கள். குமிழை மெதுவாகத் திருப்பும் வரைதான் அது வேலை செய்யும்.

இதற்குப் பிறகும் வேகமாகத் திருப்பினால் படிகள் விடுபட்டன. இங்குதான் நான் அதிக நாள் இழந்தேன், ஏனெனில் குற்றம் என்கோடரில் என்றே தேடிக்கொண்டிருந்தேன். அது திரையில் இருந்தது. 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடியின் ஒரு முழுப் படம் 1,024 பைட். ஐ2சி, அதாவது எஸ்சிஎல், எஸ்டிஏ என்ற அந்த இரண்டு கம்பி இணைப்பு வழியே, ஒரு பைட்டுக்கு 9 துடிப்பு வேண்டும். ஆகவே 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு முழுப் படத்தை அனுப்ப 92 மில்லி விநாடிக்கும் மேல் ஆகும், 400 கிலோஹெர்ட்ஸில் குறைந்தது 23 மில்லி விநாடி. 20 கிளிக் உள்ள குமிழை விநாடிக்கு இரண்டு சுற்று திருப்பினால், ஒரு கிளிக்குக்கு நான்கு நிலை மாற்றம் என்பதால், 6 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிலை மாறுகிறது. நானோ படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது குமிழ் நான்கைந்து, சில வேளை பதினைந்து முறை நிலை மாறிவிடுகிறது. என்கோடரையும் திரையையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒன்று எடுத்துக்கொள்ளும் நேரத்தை மற்றொன்று இழக்கிறது. தீர்வு, என்கோடரை நானோவின் டி2, டி3 கால்களில் இணைத்து இன்டரப்ட் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி உடனே கவனிக்கும் வசதி) மூலம் எண்ணுவதும், திரையில் மாறிய இலக்கத்தை மட்டும் திருத்துவதும் ஆகும். ஒரு எச்சரிக்கை: அந்த இன்டரப்ட் பகுதிக்குள்ளேயே திரைக்கோ எஸ்ஐ5351-க்கோ ஐ2சி கட்டளை அனுப்பாதீர்கள். ஐ2சி நூலகமே (ஆயத்த நிரல் தொகுப்பே) இன்டரப்டை நம்பி இயங்குவதால் நிரல் அப்படியே உறைந்துவிடும். உள்ளே எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டு, மற்றதை வெளியே செய்யுங்கள்.

நினைவகக் கணக்கையும் வாங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நானோவில் உள்ள மொத்த ரேம் 2,048 பைட். முழுப் படத்தையும் நினைவில் வைக்கும் நூலகம் அதில் பாதியை எடுத்துக்கொள்கிறது. என் நிரல் வளர வளர ஒரு கட்டத்தில் திரை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கறுப்பாகவே நின்றது. படத்தைப் பகுதி பகுதியாக வரையும் யு8ஜி2 நூலகத்துக்கு மாறிய பிறகு 128 பைட்டில் முடிந்தது. இடையில், எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று 420 ரூபாய்க்கு 1.3 அங்குல ஓஎல்இடி வாங்கினேன். படம் இரண்டு புள்ளி தள்ளி விழுந்து, ஓரத்தில் ஒழுங்கற்ற கோடு தெரிந்தது. சிறிய திரையில் இருப்பது எஸ்எஸ்டி1306, பெரியதில் பெரும்பாலும் எஸ்ஹெச்1106. இரண்டாவதன் நினைவகம் 132 புள்ளி அகலம் என்பதால் முதலாவதற்கு எழுதிய நிரல் அதில் பொருந்தாது. நூலகத்தில் சரியான சிப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். திரையின் அளவைக் கேட்டு வாங்காமல், உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி மாதத்தில் எல்லாம் சரியாகி, மேசையில் விஎஃப்ஓ அழகாக இயங்கியது. மிகுந்த மகிழ்ச்சியுடன் ரேடியோவில் இணைத்தேன். பேண்டு முழுவதும் ஒரு கரகரப்பு. குமிழைத் திருப்பும்போதெல்லாம் அதன் மேல் டிக் டிக் என்று ஒரு ஒலி. பலவீனமான நிலையங்கள் எல்லாம் அதில் மூழ்கிவிட்டன. நகர்ந்தாலும் பரவாயில்லை, பழைய விஎஃப்ஓவையே திரும்ப வைத்துவிடலாமா என்று அன்று உண்மையாகவே எண்ணினேன். நான் மதிக்கும் மூத்த ஹாம் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, முதல்ல ஆன்டெனாவைக் கழட்டிட்டுக் கேளுங்க. சத்தம் போயிடுச்சுன்னா வெளியில இருந்து வருது. போகலைன்னா உங்க பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றார். கழற்றினேன்; போகவில்லை. "சரி சார், இப்ப என்ன பண்றது?" என்றேன். "டிஸ்ப்ளே சப்ளையை உருவுங்க" என்றார். எஸ்ஐ5351 ஒருமுறை அமைத்துவிட்டால் தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், ஓஎல்இடியின் விசிசி கம்பியை மட்டும் உருவினேன். கதவை மூடியதுபோல் சத்தம் நின்றது. ஐந்து மாதத்தில் நான் கற்றவற்றிலேயே மிகப் பயனுள்ள சோதனை இந்த இரண்டு நிமிடம்தான், அதற்காக அவருக்கு என்றும் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓஎல்இடி ஒளிர 3.3 வோல்ட் போதாது. சிப்புக்குள் இருக்கும் சார்ஜ் பம்ப் அதை 7 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. அந்தச் சுற்று ஓயாமல் சுவிட்ச் ஆவதும், திரையின் வரிசைகள் ஓயாமல் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்து ஷார்ட்வேவ் ரேடியோவுக்குள் இரைச்சலாகப் புகுகின்றன. வெப்பநிலை காட்டும் கருவிக்கோ கடிகாரத்துக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே ஓஎல்இடி அருமையான திரை, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். மைக்ரோவோல்ட் அளவிலான சிக்னலைத் தேடும் கருவிக்கு அருகில் வைக்கும்போதுதான் பிரச்சினை. சப்ளையில் 22 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தேன், கம்பிகளில் ஃபெரைட் மணிகள் கோத்தேன், காப்பர் கிளாட் பலகையை வெட்டித் திரையைச் சுற்றிப் பெட்டி கட்டினேன். இரைச்சல் குறைந்தது, முழுதும் போகவில்லை. இடையில் 780 ரூபாய்க்கு ஒரு வண்ண டிஎஃப்டி திரையும் வாங்கினேன். அதன் சிக்னல் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, நானோ 5 வோல்ட். முதலில் வெறும் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. மின்னழுத்தத்தைக் குறைத்து இணைத்த பிறகு அது ஓஎல்இடியைவிட அதிகமாக இரைந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியில் நான் முதல் நாளே பழசு என்று ஒதுக்கிய 16-க்கு 2 எழுத்து எல்சிடிக்கு வந்து சேர்ந்தேன். 160 ரூபாய், மஞ்சள் பச்சைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஒரு இலக்கம் மாறினால் அந்த ஒரு எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும், மற்ற நேரத்தில் நானோவிலிருந்து கம்பிகளில் ஒன்றும் ஓடுவதில்லை. ஜன்னல் ஓரம் வெயில் விழும் மேசையில் ஓஎல்இடியைக் கையால் மறைத்துப் படிக்க வேண்டியிருந்தது. இது வெயிலிலும் தெரிகிறது. ஐ2சி இணைப்புப் பலகை முதுகில் வைத்தும் இது கிடைக்கிறது, அதில் முகவரி சிலவற்றில் ஹெக்ஸ் 27, சிலவற்றில் ஹெக்ஸ் 3எஃப் என்று இருக்கும். நான் அந்தப் பலகையைத் தவிர்த்து, எஸ்ஐ5351-இன் ஐ2சி கம்பிகளில் கூட்டம் சேராதபடி, ஆறு கம்பிகளில் நேரடியாக இணைத்தேன். நானோவில் கால்கள் போதுமானவை. முதலில் மின்சாரம் கொடுக்கும்போது எழுத்தே தெரியாவிட்டாலும், அல்லது ஒரு வரி முழுக்கக் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். கான்ட்ராஸ்டுக்கான 10 கே பிரீசெட்டைத் திருப்புங்கள், எழுத்து வந்துவிடும். பின்விளக்கை மங்கலாக்க வேண்டுமென்றால் ரெசிஸ்டர் மாற்றி மங்கலாக்குங்கள். நானோவின் பிடபிள்யூஎம் (விளக்கை வேகமாக அணைத்து ஏற்றும் முறை) மூலம் செய்தால், துரத்திவிட்ட இரைச்சல் வேறு வழியில் திரும்பி வரும்.

திரை முடிந்த பிறகு குமிழுக்குத் திரும்பினேன், அப்போதுதான் முதல் நாள் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். எஸ்எஸ்பி (ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) குரல் இயல்பாகக் கேட்க 10 ஹெர்ட்ஸ் படி வேண்டும். 20 கிளிக் குமிழில் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ்தான் நகரும். 200 கிலோஹெர்ட்ஸ் பேண்டைக் கடக்க ஆயிரம் சுற்று. நேர் எதிராக, 1,350 ரூபாய் கொடுத்து வாங்கிய 600 துடிப்பு ஆப்டிகல் என்கோடர், ஏ, பி இரண்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் கணக்கிட்டு நான்கு மடங்காக எண்ணும்போது சுற்றுக்கு 2,400 படி தருகிறது. 10 ஹெர்ட்ஸ் படியில் ஒரு சுற்றுக்கு 24 கிலோஹெர்ட்ஸ் ஓடிவிடும், 1 ஹெர்ட்ஸ் படியில் 2.4 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது கணக்கு கைக்கு மிக இதமானது. பெரிய பெட்டியும் பெரிய குமிழும் உள்ளவர்கள் தயங்காமல் அதற்கே போகலாம். ஆனால் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளை என் சிறிய பெட்டிக்குள் நுழையவில்லை. அதன் வெளியீடு ஓப்பன் கலெக்டர் வகை (தரையோடு மட்டுமே இணைக்கும், தானாக மின்னழுத்தம் தராது) என்பதால் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும் என்பதையும், வெளியீட்டுக் கம்பியைத் தவறியும் நேரடியாக விசிசியில் தொடக் கூடாது, உள்ளே உள்ள டிரான்சிஸ்டர் போய்விடும் என்பதையும் வாங்குபவர்கள் நினைவில் வைக்கவும்.

நான் தேர்ந்தெடுத்தது போர்ன்ஸ் பிஇசி11ஆர் வரிசையில் 24 துடிப்பு உள்ள, கிளிக் இல்லாத வகை. ஒன்று 290 ரூபாய். பின்னாளில் தேய்ந்தால் உதவும் என்று இரண்டு வாங்கினேன். நான்கு மடங்காக எண்ணினால் சுற்றுக்கு 96 படி, 10 ஹெர்ட்ஸ் படியில் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோஹெர்ட்ஸ். அழுத்தினால் 100 ஹெர்ட்ஸ் படிக்கு மாறும். வேகமாகத் திருப்பினால் படி தானாகப் பெரிதாகும்படியும் எழுதியிருக்கிறேன். ஒலியளவுக்கும் மெனுவுக்கும் கிளிக் உள்ளது நல்லது, அங்கே விரலுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அலைவரிசை தேட, கிளிக் இல்லாததே என் கைக்குப் பிடித்திருக்கிறது. குரல் தெளியும் இடத்தில் விரல் தானாக நிற்கிறது. வாங்கும் முன் தண்டு டி வடிவமா பல் வைத்ததா, நீளம் எவ்வளவு, மரையின் உயரம் உங்கள் தகட்டின் தடிமனைத் தாண்டி நட்டுப் பிடிக்கப் போதுமா என்பதையும் பாருங்கள். முகப்புத் தகட்டை வெட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். நான் ஓஎல்இடி கைக்கு வந்த வாரமே அலுமினியத் தகட்டை வெட்டிவிட்டு, பிறகு 80-க்கு 36 மில்லிமீட்டர் எல்சிடிக்காக இன்னொரு தகட்டை அறுத்து அரம் போட வேண்டியதாயிற்று.

இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் இப்போது 7.090 என்று காட்டிய இடத்தில் அதே குரல் அதே தொனியில் கேட்கிறது. கடைசியாகச் செய்த திருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. அணைத்துப் போடும்போது பழைய அலைவரிசை நினைவில் இருக்க வேண்டும் என்று, குமிழ் நகரும் ஒவ்வொரு படிக்கும் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதும்படி முதலில் வைத்திருந்தேன். நானோவின் ஈஈபிராமுக்கு ஒரு இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதுவதுதான் உத்தரவாதம். சுற்றுக்கு 96 படி என்றால், பேண்டை மேலும் கீழும் தேடும் பழக்கமுள்ளவர் அதைச் சில வாரங்களில் தாண்டிவிடலாம். இப்போது குமிழ் ஐந்து விநாடி அசையாமல் இருந்தால் மட்டும் ஒருமுறை எழுதுகிறது.